அட்டை

"இந்தத் தடவையாவது அந்த அட்டைப் பெட்டியெல்லாம் தூக்கிக் கடாசிடலாமா?" என்று போனில் கேட்டாள் மனைவி யோலி.

"முதல்ல இன்டர்வியூ முடியட்டும் தாயே!" என்றான் டெரல்.

ஜன்னலுக்கு வெளியே டுலூத் நகரத்து ஏரி உறைந்து கிடக்கிறது. இவனுக்கோ உள்ளங்கை வேர்க்கிறது.

வேர்க்காமல் என்ன செய்யும்? பழைய அணி இவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அமெரிக்க ஃபுட்பாலில் கோச் வீடு என்றாலே நாடோடி வீடுதான். ஊர் ஊராக மாறி, மகள் நவோமிக்கு ஒரு பள்ளியிலும் ஒரு தோழி நிலைக்கவில்லை. வீடு மாற்றச் சாமான் கட்டும் அட்டைப் பெட்டிகளே பாதி வீட்டை அடைத்துக்கொண்டிருந்தன. இந்த வேலையும் போச்சென்றால் மாமியார் வீட்டில் போய் விழவேண்டியதுதான்.

டுலூத் அணிக்குத் தாக்குதல் கோச் தேவை. பந்து நம்மிடம் இருக்கும்போது எறிவதா, தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று மைதான ஓரத்தில் நின்று ஆட்டக்காரர்களுக்கு மைக்கில் சொல்கிற ஆள். எதிராளி உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான் என்று, ஆட்டத் திட்டம் அச்சடித்த அட்டையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

முன்பு அந்த வேலையில் இருந்தவன் டெரலின் நண்பன் வேய்லன். கடைசி ஆட்டத்தில் எல்லைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் பந்து. தூக்கிக்கொண்டு விழுந்தாலே ஜெயம். எறியச் சொன்னானாம் வேய்லன். எதிராளி லபக்கென்று பறித்துக்கொண்டான். ஊரே காறித் துப்பியது. முடிவெட்டும் கடையில்கூட அவனுக்கு நாற்காலி கொடுக்கவில்லை. மறுநாளே வேலையும் போனது.

அந்த வேய்லன்தான் டெரலுக்குப் போன் செய்தான். "நீ தைரியமா போடா. நல்ல இடம். நான்தான் சொதப்பிட்டேன்."

"மிஸ்டர் டெரல், உள்ள வரலாம்!" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

உள்ளே இரண்டே பேர். அணியின் ஓனரம்மா நார்பி, தலைமைக் கோச் ஹாகன். எதிரே பெரிய திரை.

"வந்தவங்க எல்லாருக்கும் இதைத்தான் போட்டுக் காட்டுறோம்" என்றார் ஓனரம்மா. "கடைசி ஆட்டம். தப்பு யார் மேல? பளிச்சுனு சொல்லணும்."

"முன்னாடி வந்தவங்க என்ன சொன்னாங்க மேடம்?"

"வேய்லனுக்கு மூளையே இல்லன்னாங்க. வேறென்ன சொல்லுவாங்க?" என்று சிரித்தார் ஹாகன்.

வீடியோ ஓடியது. பார்ப்பவர்கள் எல்லாருக்கும் பந்துமேல்தான் கண் போகும். டெரலின் கண் நண்பனைத் தேடி ஓரத்துக்குப் போனது. வேய்லன் அட்டையைக் கையில் தொங்கவிட்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான். பக்கத்தில் ஹாகன், மூக்குவரை அட்டை. அடுத்த நொடி பந்து பறந்தது.

டெரல் நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

"இன்னொரு தரம் போடுங்க."

போட்டார்கள். அதேதான். ஹாகன் கையிலிருந்த பேனாவை டக் டக்கென்று அழுத்திக்கொண்டே இருந்தார்.

"என்ன யோசனை? வேய்லன் உங்க ஃப்ரெண்டாமே? அதான் வாய் வரலியா?" என்று குத்தினார் ஓனரம்மா.

வேய்லன் பேரைச் சொன்னால் போதும், வேலை கைமேல். பார்த்ததைச் சொன்னால் ஹாகன் வேலையே கொடுக்கப்போவதில்லை. நவோமியின் முகம் வந்து வந்து போனது. சொல்லித்தொலையேன் என்றது மனசு. நாக்குதான் புரளமாட்டேன் என்றது.

"வேய்லனைக் குறை சொல்ல மாட்டேன் மேடம். அவன் இடத்துல நான் நின்னிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்."

"அப்போ நீங்களும் எறிஞ்சிருப்பீங்க! உருப்பட்டாப்லதான்!" ஓனரம்மா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஹாகன், எனக்குப் பிடிக்கல. அப்புறம் உங்க இஷ்டம்."

படாரென்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

டெரல் நடைபாதைக்கு வந்து சுவரில் சாய்ந்தான். பையில் போன் அதிர்ந்தது. யோலி. எடுக்கப் பயமாக இருந்தது. என்னவென்று சொல்வான் பாவம்!

பின்னாலேயே ஓடிவந்த ஹாகன் அவன் தோளில் கையைப் போட்டார்.

"பாத்துட்ட இல்ல?"

"எதை, கோச்?"

"நடிக்காதய்யா! வேய்லன் ஓடத்தான் சொன்னான். நான்தான் மைக்குல குறுக்க பூந்து எறியச் சொன்னேன். தங்கமான மனுஷன், கடைசிவரைக்கும் என்னைக் காட்டிக்குடுக்கல."

"அவன் வீட்ல உக்காந்திருக்கான். நீங்க இங்க இருக்கீங்க."

"அது முடிஞ்சுபோன கதை, விடு." ஹாகன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "வந்தவன் எல்லாம் என்கிட்ட மூளையைக் காட்டினான். மூளை என்கிட்டயே இருக்கு. வாயை மூடிக்கிட்டு நிக்கத் தெரிஞ்ச ஆளைத்தான் நான் தேடிட்டிருந்தேன். ஓனரம்மாவை நான் பாத்துக்கறேன். திங்கக்கிழமை வந்து சேந்துடு!"

முதுகில் தட்டிவிட்டு, விசிலடித்துக்கொண்டே போனார்.

போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்தான்.

"என்னாச்சுப்பா? ஏன் எடுக்கல?"

"கிடைச்சுடுச்சு யோலி."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். நவோமி "அப்பா! அப்பா!" என்று குதிப்பது கேட்டது.

"அப்போ இன்னைக்கே அந்தப் பெட்டியெல்லாம் தூக்கிப் போட்டுடறேன்!"

"வேண்டாம்" என்றான் டெரல். "பத்திரமா வை. அடுத்த வருஷம் வேணும்."