கை நனைக்க ஓர் இடம்

ராஜாங்கம் முதலில் நுழைந்தது பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மீன் ஓட்டலா, சேலம் சாலையில் இருப்பதா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வந்தார் என்பதும், வாசலில் ஏழெட்டுப் படிகள் இருந்தன என்பதும் மட்டும் உறுதி.

"தூக்கி வெச்சிடறோம்ங்க, பசங்க இருக்காங்க" என்றார் கல்லாவில் இருந்தவர்.

"தூக்கறதுக்கு இன்னா அரிசி மூட்டையா?" என்று கேட்டபடி ராஜாங்கம் எழுந்து நின்றார். கல்லாக்காரர் மிரண்டுபோனார்.

"பயப்படாதீங்க, எனக்கில்ல. எங்க வூட்டு ஆளுக்கு. எம் பொண்ண நாளைக்குப் பொண்ணு பாக்க வராங்க, சாப்பாடு ஓட்டல்ல. அதான் நாற்காலிய வாடகைக்கு எடுத்துக்கினு, உள்ள போவுதா வருதான்னு நானே ஒக்காந்து பாக்கறேன்."

கல்லாக்காரரின் முகம் இளகியது. "பாவங்க. பேசாம பார்சல் வாங்கிக்கினு போயிடுங்களேன்."

பார்சல் உதவாது. பேசி முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அதனால்தான் நைனார்பாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்து இந்த அலைச்சல். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மீன் என்றால் உயிராம், அதனால் மீன் ஓட்டல்தான் வேண்டும் என்று மகள் எழில்மதி சொல்லிவிட்டாள். நாற்காலி முன்வாசல் வழியாகத்தான் போகவேண்டும் என்பதும் அவள் உத்தரவு.

அடுத்த ஓட்டலில் படி இல்லை. ஆனால் கழிவறைக் கதவில் நாற்காலி ராஜாங்கத்தோடு சேர்ந்து மாட்டிக்கொண்டது. ஆட்டோ ஓட்டி வந்த சிவசங்கர் பின்னாலிருந்து இழுத்துக் காப்பாற்றினான். அந்த நேரம் பார்த்து எழில்மதியின் போன்.

"பாத்ரூம் பாத்தியாப்பா?"

"பாத்தேம்மா. அதுலதான் மாட்டிக்கினு கெடக்கறேன்."

"சிரிப்பு மூட்டாத. எடம் கெடைக்கலன்னா நாளைக்கு அவங்கள வர வேணாம்னு சொல்லிடு. யாரு கேட்டாலும் நம்ம வூட்டு ஆளுக்குன்னு மட்டும் சொல்லு."

இருபத்தெட்டு வயதில் நல்ல இடமாக வந்திருக்கிறது. படிக்கட்டால் தவறிப்போய்விடக் கூடாதென்று ராஜாங்கம் நாற்காலியை மறுபடி ஆட்டோவில் ஏற்றினார்.

கடைசியில் துருகம் சாலையில் கிடைத்தது. வெள்ளிமலைக்காரர் இருசப்பன் நடத்தும் கடை. மலையில் விளைந்த சாமைச் சோறும் கடலூர் மீன் குழம்பும். வாசலில் அகலமாக ஒரு சரிவு.

"முன்னாடி இது பைக் ஷோரூமுங்க. வண்டி ஏத்தறதுக்குப் போட்டது. ஒடச்சிட்டுப் படி கட்டலாம்னு இருக்கேன்" என்றார் இருசப்பன்.

"கட்டிடாதீங்க சாமி!" ராஜாங்கம் நாற்காலியில் ஏறி உள்ளே கழிவறை வரை போனார், வெளியே வந்தார். ஆசை தீராமல் இன்னொரு முறை போனார்.

சாயங்காலம் கல்யாணத் தரகர் பாவாடை போனில் கத்தினார். "இன்னா ராஜாங்கம், ஒம் பொண்ணுக்கு நடக்க வராதுன்னு டவுன் பூரா பேச்சா கெடக்குது! மணலூர்பேட்டையில மாப்பிள்ள வூடு வரைக்கும் போயிடிச்சு. நீ அனுப்புன போட்டோவும் இடுப்புக்கு மேலதான இருக்கு!"

"நாளைக்கு வரச் சொல்லுங்க. நேர்ல பாக்கட்டும்" என்று வைத்துவிட்டார் ராஜாங்கம்.

எழில்மதி கட்டிலில் உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கல்யாணப் பந்தலில் எடுத்தது. எல்லோரும் நிற்க, நடுவில் மாப்பிள்ளையின் அம்மா விஜயலட்சுமி மட்டும் மடியில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மதியம் இருசப்பன் கடை வாசலுக்குக் கார் வந்தது. மாப்பிள்ளை இளஞ்செழியனும் அவன் தாய்மாமன் தனசேகரனும் இறங்கினார்கள்.

"அக்காவுக்குக் காய்ச்சல், வரல" என்றார் தனசேகரன். காரின் கறுப்புக் கண்ணாடிகள் மூடியே இருந்தன. டிரைவர் இறங்கி டீக்கடைக்குப் போன பிறகும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே மேசையருகே காலியாக நின்ற சக்கர நாற்காலியைக் கண்டதும் தனசேகரன் வெடித்தார்.

"கேள்விப்பட்டது நெசந்தான். கொறைய மறைச்சுப் பொண்ணக் கட்டிக் குடுக்கப் பாக்கறீங்களா? எங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப் போயிருக்குது. கெளம்புடா இளஞ்செழியா!"

இளஞ்செழியன் நகரவில்லை. "நடக்க முடியலன்னா இன்னா மாமா? நீங்க வேணா போங்க. நான் பாத்து பேசிட்டுதான் வருவேன்."

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. கையில் வஞ்சரம் வறுவல் தட்டோடு எழில்மதி நடந்து வந்தாள். தனசேகரனின் பார்வை அவள் முகத்துக்குப் போகவே இல்லை. நேரே பாதங்களுக்குப் போனது.

"அப்ப... இந்த நாற்காலி?"

"எங்க வூட்டு ஆளுக்குங்க" என்றார் ராஜாங்கம்.

எழில்மதி தட்டை மேசையில் வைத்தாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கி, கார் அருகே போய், பின்கண்ணாடியை விரலால் தட்டினாள். கண்ணாடி மெதுவாக இறங்கியது. உள்ளே மடியில் சால்வையோடு, காய்ச்சலே இல்லாத முகத்தோடு விஜயலட்சுமி உட்கார்ந்திருந்தார்.

"வாங்கத்தை, வஞ்சரம் ஆறுது."