தீய்ந்த பாத்திரச் செலவு

ஆடிட்டர் சாப்பாட்டு மேஜை முழுக்க பில்களைப் பரப்பியிருந்தார்.

"சமையலறையில வீடியோ எடுத்துப் போடுறீங்க, வருமானம் வருது. கேமரா, லைட்டெல்லாம் தொழில் செலவு, ஒத்துக்கிறேன். ஆனா மாசாமாசம் எதுக்கும்மா இத்தனை பாத்திரம்?"

"பழசையெல்லாம் தீய்ச்சுட்டேன் சார்" என்றாள் அவள், பெருமையாக.

கணவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

ஆடிட்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்களுக்குச் சமைக்க வரலைன்னு வரியில கழிக்க முடியுமா? வரி ஆபீஸ்ல என்னைத்தான் பிடிபிடின்னு பிடிப்பாங்க. இதை அடிச்சிடறேன்."

"ஐயோ, அதை அடிச்சா என் பொழைப்பே போச்சு சார்!"

அவள் அவசரமாகச் செல்போனை நீட்டினாள். வீடியோவில் கரிபிடித்த சட்டி ஒன்றை அவள் தேய்க்கத் தேய்க்க, அது கண்ணாடியாய்ப் பளபளத்தது.

"நான் சமையல் வீடியோவா போடுறேன்? பாத்திரம் தேய்க்கிற பவுடருக்கு விளம்பரம் சார். தீய்ச்சாதானே தேய்ச்சுக் காட்ட முடியும்?"

அசடு வழிந்த ஆடிட்டர், எல்லா பில்லையும் தொழில் செலவில் சேர்த்தார். அப்போது சமையலறையிலிருந்து குப்பென்று தீய்ந்த வாடை வந்தது.

"அடுத்த வீடியோவா? அந்தப் பாத்திரத்தையும் சேர்த்துக்கவாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கணவன்தான் பதில் சொன்னான்.

"அது சொந்தச் செலவு சார். உங்களுக்குன்னு அடுப்புல வச்ச மத்தியானச் சாப்பாடு!"