மரகதவல்லியின் கறிவேப்பிலை

பார்லர் சாமான் விற்கும் கடையில் ஹேர் கலர் டியூபும் அதோடு கலக்கும் டெவலப்பர் பாட்டிலும் வாங்கிவந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தானே கிண்ணத்தில் குழைத்துத் தலையில் பூசிக்கொள்வாள் மரகதவல்லி. முடி எப்படி இவ்வளவு கருப்பு என்று யாராவது கேட்டால், "எல்லாம் கறிவேப்பிலைதான்" என்பாள்.

உண்மை அவள் தோளில் கிடக்கும் பழைய துண்டுக்குத் தெரியும். அதன் உடம்பெல்லாம் கருப்புக் கறை. அதனால் மாடிக் கொடியில் அதைப் போர்வைக்கு அடியில்தான் காயப்போடுவாள்.

"என்னை நல்லா மூடிக்கோ அக்கா. நான் வெளியே தெரிஞ்சா அவ மானமே போயிடும்" என்று துண்டு ஒவ்வொரு முறையும் போர்வையிடம் கெஞ்சும்.

அன்றைக்கு அடித்த காற்றில் போர்வை ஒரேயடியாகத் தூக்கிக்கொண்டது. துண்டு பதறிப்போய் எதிர்மாடியைப் பார்த்தது. அங்கே எதிர்வீட்டுச் செண்பகத்தின் போர்வையும் பறந்தது. அதன் அடியில் இன்னொரு துண்டு, இதே கறையோடு, வெலவெலத்துப்போய்த் தொங்கியது.



"எங்க வீட்டுல செம்பருத்தி" என்றது அந்தத் துண்டு.

"எங்க வீட்டுல கறிவேப்பிலை" என்றது இது.

காற்று நின்றது. "மூடிக்கட்டுமா?" என்று அவசரமாகக் கேட்டது போர்வை.

துண்டு எதிர்மாடியை இன்னொரு தரம் பார்த்தது.

"இருக்கட்டும் அக்கா. கொஞ்சம் வெயில் படட்டும்."