இவ பக்கம்தான்!

"பொண்ணுக்கு வயசுக்கு மீறின வெயிட். நம்ம ஜனங்களுக்குச் சதை முதல்ல வயித்துலதான் சேரும். பரம்பரையும் பார்க்கணும். இது யார் பக்கம்?" என்று கேட்டார் தஞ்சாவூர் டாக்டர்.

பெண்ணின் அப்பா சபரிநாதன் முந்திக்கொண்டான். "இவ பக்கம்தான் சார்! எங்கப்பா நாத்து மாதிரி இருப்பாரு. குத்தாலத்துல இவ அப்பா இருக்காரே, நெல்லு மூட்டை!"

வீட்டில் எது கெட்டாலும் தன் பக்கம்தான் என்பது அவன் மனைவி அனுசுயாவுக்குப் பழகிப்போன பாட்டு.

"உங்க மாமனார்கூடப் பொறந்தவங்க?" என்றார் டாக்டர்.

"ஒரே அக்கா சார். அவங்க ரெண்டு மூட்டை!" என்றான் அதே வேகத்தில்.

அனுசுயா நிதானமாக எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

"அத்தை, உள்ள வாங்க. ரெண்டு மூட்டைன்னு உங்களைத்தான் சொல்றாரு, நீங்க பெத்த புள்ள!"