பின்பக்கம் பிடிக்க ஓர் ஆள்

"முதுகு வலிம்மா. அந்தப் பச்சை டிரெய்லர்ல போய்க் கேளு" என்றார் நீல வேன்காரர்.

மார்லாவுக்குச் சுருக்கென்றது. இடுப்பு வரைக்கும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஏரி ஓரமாகச் சும்மா நிற்கிற மனுஷன். ஒரு குழந்தையின் படகைக் கொஞ்ச நேரம் பிடிக்க என்ன கேடு?

அந்தப் படகு சமாச்சாரம் அப்படி. பிள்ளைகள் மண்டி போட்டு ஓட்டுகிற சின்னப் பந்தயப் படகு. எஞ்சினுக்கு நியூட்ரலே கிடையாது. கயிற்றை இழுத்தால் அந்த நொடியே பிய்த்துக்கொண்டு கிளம்பும். அதனால் தொடையளவு தண்ணீரில் நின்று ஒருவர் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கயிற்றை இழுக்க வேண்டும். இரண்டு பெரியவர்கள் இல்லையென்றால் படகை இறக்கக் கூடாது என்பது கிளப் சட்டம்.

டெஸ்ஸாவுக்கு இருந்தது அம்மா ஒருத்திதான்.

விவாகரத்துக்குப் பிறகு சியாட்டிலுக்கு வடக்கே இந்த ஏரி ஊருக்குக் குடிவந்து ஒரு குளிர்காலம் முழுக்க ஓடிவிட்டது. மார்லாவிடம் முகம் பார்த்துப் பேசியது மளிகைக்கடைக் கல்லாப் பெண் மட்டும்தான். டெஸ்ஸா பள்ளிக்கூடத்தில் தனியாகத்தான் சாப்பிடுகிறாள் என்று டீச்சர் வேறு சொல்லியிருந்தாள். வீட்டிலும் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். மகள் வாயைத் திறந்து ஆசையாகக் கேட்டது இந்தப் படகு ஒன்றைத்தான். கிளப்பே கற்றுக்கொடுத்து, பழைய படகு ஒன்றையும் இரவல் தந்தது. பிடிக்கிற ஆளை மட்டும் தரவில்லை.

இன்று படகு இறங்காவிட்டால் இவள் இனி எதையுமே கேட்க மாட்டாள் என்று மார்லாவுக்குப் பயம்.

கூச்சத்தை விழுங்கிக்கொண்டு பச்சை டிரெய்லருக்குப் போனாள். அங்கே ஜோலீன் என்கிற பருத்த பெண்மணி சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைப் புருஷன் கையில் திணித்துவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கினாள்.

புதுசாக ஓட்டுகிறவர்கள், மற்ற எல்லோருக்கும் பின்னால்தான் கிளம்ப வேண்டும். டெஸ்ஸா கடைசியாகக் கிளம்பி, கடைசியாகவே வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினால் முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, தண்ணி பல்லுல வந்து அடிக்குது."

அடுத்த பந்தயத்தில் ஜோலீனின் மகனும் அதே சுற்றில் ஓட்டினான்; ஜோலீன் அவன் படகைப் பிடிக்கப் போய்விட்டாள். மார்லா திரும்பவும் நீல வேன்காரரிடம் போனாள். தோள்பட்டை சரியில்லையாம். இரட்டைப் பெண்களின் அப்பாவைக் கேட்கச் சொன்னார். அதற்கடுத்த முறை முழங்கால். அந்த முறை எஞ்சின் பழுது பார்க்கிற தம்பதியிடம் அனுப்பினார்.

"அந்த ஆளுக்கு உடம்புல நோவு இல்லாத இடமே கிடையாது போல" என்றாள் மார்லா. ஜோலீன் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆகஸ்ட் வந்தபோது மார்லா யாரையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. ஜோலீன் கூடாரத்தில் அவளுக்கென்று ஒரு மடக்கு நாற்காலி. அவள் செய்துவரும் உருளைக்கிழங்கு சாலட்டுக்கு ஆளாளுக்குப் போட்டி. டெஸ்ஸா இரட்டையரோடு கரையெல்லாம் ஓடினாள், ஓயாமல் பேசினாள்.

நீல வேன்காரர் மட்டும் எப்போதும் போலத் தன் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து, காகிதத்தைப் பிரித்து ரொட்டி தின்றுகொண்டிருப்பார். பக்கத்தில் ஒரு ஈ காக்காய் இருக்காது. நல்லா வேணும் என்று நினைத்துக்கொள்வாள் மார்லா.

செப்டம்பரில் கடைசிப் பந்தயம். ஒரு படகு கவிழ்ந்து, பையனை மீட்புப் படகு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. கரை ஒதுங்கிய படகின் எஞ்சினைக் கழற்றி, ஒற்றை ஆளாகத் தோளில் வைத்துக்கொண்டு மேடேறினார் நீல வேன்காரர். மூச்சுகூட வாங்கவில்லை.

மார்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் எதிரில் நின்றாள்.

"உங்க முதுகுக்கு ஒண்ணுமில்ல."

"இல்லதான்" என்றார் அவர்.

"அப்புறம் ஏன்? எத்தனை தடவை உங்ககிட்ட வந்து நின்னேன்."

அவர் எஞ்சினை இறக்கி வைத்தார்.

"என் பேரன் இங்க ஓட்டினான். ஒரு நல்ல மனுஷன் முதல் நாளே வந்து படகைப் பிடிச்சார். ரெண்டு வருஷமும் அவரேதான். எனக்கு வேற யாரையும் கேக்க வேண்டிய தேவையே வரல. அப்புறம் அவர் அரிசோனாவுக்குப் போயிட்டார், பேரனும் அலாஸ்காவுக்கு மீன்பிடிக்கப் போயிட்டான். திரும்பிப் பாத்தா இங்க எனக்கு ஒருத்தரையும் தெரியல. அத்தனை நாள் கழிச்சுப் போய் உங்க பேரென்னன்னு கேக்க வெக்கமா இருந்துச்சு."

ஜோலீனின் கூடாரத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

"நான் பிடிச்சிருந்தா உனக்கும் நான் ஒருத்தன்தான் இருந்திருப்பேன்" என்றார் அவர். "பிடிக்கணும்னு ஆசைதாம்மா. அதுக்குத்தானே இந்தக் கால்சட்டையை மாட்டிட்டு வர்றேன்."

வேண்டாம் வேண்டாம் என்றவரை மார்லா கையைப் பிடித்துக் கூடாரத்துக்கு இழுத்து வந்து, தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஜோலீன், இவர்தான்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கோடை முழுக்க இவரை எத்தனை தரம் திட்டியிருக்கிறாள், எத்தனை தரம் சிரித்திருக்கிறாள். பேரென்ன என்று ஒரு தரம் கேட்டதில்லை.

"உங்க பேர்?" என்றாள், முகத்தைப் பார்க்க முடியாமல்.

அவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

"ஆர்வின். ஆர்வின் தியோடர் லுண்ட்" என்று, பள்ளிக்கூடத்தில் அன்றைக்குத்தான் சேர்ந்த பிள்ளை மாதிரி, முழுப் பேரையும் சொன்னார்.