இரண்டும் சேர்ந்தால் போதும்

“இந்தக் கணக்குல நட்சத்திரக் குறின்னா, ரெண்டு எண்ணையும் பெருக்கி ஒண்ணைக் கூட்டணும். ஒரு எண்ணுக்கும் அதே எண்ணுக்கும் நடுவுல நட்சத்திரம் போட்டா பத்து வருது. அந்த எண் எதுன்னு சொல்ல இது போதுமா?”

“போதும் சார், மூணு!” என்றாள் லுப்னா.

“மைனஸ் மூணு எங்க போச்சு? இன்னொரு விடை இருக்கான்னு பார்க்காம போதும்னு சொல்லாதே!” என்று எரிந்து விழுந்தார் முன்தர். அம்மான் நகரில் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் பாடம் நடத்த அவரை விட்டால் ஆளில்லை.

லுப்னா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அன்று மாலை சித்தப்பாவைப் பெண் கேட்க அனுப்பினார்.

“பொண்ணு பேரு என்னடா?”

“பேரெல்லாம் எதுக்கு சித்தப்பா? அபூ ஷாதியோட பொண்ணு, கண்ணாடி போட்டவ. இந்த ரெண்டும் சேர்ந்தா போதும்.”

இருட்டியதும் சித்தப்பாவின் போன் வந்தது. “காபியைக் குடிச்சாச்சுடா மாப்பிள்ளை!”

முன்தர் துள்ளினார். பெண்ணைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் பெண் கேட்டுப் போன பெரியவர்கள் காபியைத் தொடுவார்கள். தொட்டபின் பேச்சை மாற்ற முடியாது.

உடனே லுப்னாவே அழைத்தாள்.

“வாழ்த்துகள் அத்தான்! கண்ணாடி போட்டவளை யார் கட்டிப்பாங்கன்னு அழுதுட்டே இருந்த எங்க அக்காவுக்கு இப்போ தலைகால் புரியலை!”