துணி மூடிய பானை

இதில் ஒரு சொல் பொய்யென்றால், மிச்சமிருக்கிற இந்த ஒற்றைக் கண்ணையும் மாரியாத்தா பிடுங்கிக்கொள்ளட்டும்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த சமயம். ரெம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் தொழிலாளர் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். அரிசி காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று வீடுகளுக்கு அரிசி கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பொதுக் குசினியில் ஆக்கிச் சோறாகத்தான் பங்கிட்டார்கள். சோறு மறுநாளே புளித்துப்போகும். காட்டுக்கு எட்டாது.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் எரிந்துபோயிற்று. யார் வைத்த தீ என்று கேட்டால் கேட்டவனையே பிடித்துக்கொண்டு போவார்கள். அதனால் யாரும் கேட்கவில்லை.

பள்ளி உதவிச் சங்கம் தானே கட்ட இறங்கியது. செயலாளர், தோட்டத்து ஆட்களை மேய்க்கிற தங்கராஜு மண்டோர். ஆண்கள் பால்வெட்டு முடிந்து வந்து பலகை அடித்தார்கள். பிள்ளைகள் கோயில் வாசலில் உட்கார்ந்து படித்தார்கள். இரண்டு தரப்புக்கும் மத்தியானம் வயிற்றுக்கு ஏதாவது வேண்டுமே. வீட்டுக்கு ஒரு பிடி சோறு சங்கத்துப் பானையில் விழவேண்டும். அதில் மரவள்ளிக்கிழங்கும் கீரையும் போட்டுக் கஞ்சியாகப் பெருக்குவார்கள். பிடி போடாத வீட்டுப் பிள்ளைக்குக் கஞ்சி கிடையாது. அது தங்கராஜு போட்ட சட்டம்.

பானை வாயில் ஒரு மஞ்சள் துணி கிடக்கும். மூடிய கையைத் துணிக்குள் விட்டு உள்ளேதான் விரிக்கவேண்டும். சின்னப் பிடி, பெரிய பிடி என்று பேச்சு வரக்கூடாதென்று பெண்கள் செய்த ஏற்பாடு.

தங்கராஜு ஒன்றைக் கவனித்தார். துணிக்குள்ளிருந்து வெளியே வரும் எல்லார் கையிலும் நாலு பருக்கை ஒட்டியிருக்கும். பஞ்சாலை என்கிறவளின் கை மட்டும் கழுவித் துடைத்த மாதிரி வந்தது. மறுநாளும் அப்படியே.

அவள் புருஷன் மாயாண்டியைச் சந்தேகத்தில் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவனோடு அவன் பங்குச் சோறும் போயிற்று. தன் பங்கைச் சின்னதுகள் இரண்டுக்கும் பிசைந்து ஊட்டிவிட்டு அவள் வெறும் தேத்தண்ணி குடிப்பாள். மூத்த மகளுக்குக் கோயில் வாசல் கஞ்சிதான் சாப்பாடு.

தங்கராஜுவுக்கு அது தெரியாமலில்லை. வீட்டில் மனைவி வள்ளியம்மாவிடம் சொன்னார்.

"பாவம்தான். ஆனா ஒரு வீட்டுக்குக் கண்ணை மூடிக்கிட்டா நாளைக்கு லயமே வெறுங்கையை விடும். பானை காஞ்சா எவன் வந்து பலகை அடிப்பான்? பள்ளிக்கூடம் எழும்புமா?"

வள்ளியம்மா மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ள நம்ம புள்ள பக்கத்துலதான் உட்காந்து குடிக்குது" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் தங்கராஜு பானைத் துணியை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். இனிமேல் எல்லாரும் பார்க்கக் கையை விரித்துத்தான் போடவேண்டும், வெறுங்கையோடு வருகிற வீட்டுப் பிள்ளை எழுந்து போய்விடவேண்டும் என்றார்.

மங்கம்மா முதலில் போட்டாள். "நல்லா உத்துப் பாருங்க மண்டோரே, என் சோத்துல கல்லு கிடந்தாலும் கிடக்கும்" என்று குத்திவிட்டுப் போனாள்.

அவளுக்குப் பின்னால் பஞ்சாலை. மூடிய கையைப் பானைக்கு மேல் நீட்டினாள். கோயில் வாசலில் அவள் மூத்த மகள் தகரக் குவளையைக் கீழே வைத்துவிட்டு மெல்ல எழுந்தாள்.

"விரி" என்றார் தங்கராஜு.

"அண்ணே..."

"விரி, புள்ள."

விரித்தாள். கை நிறையச் சோறு.

அவள் சோற்றைப் பானையில் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நகர்ந்தாள்.

அவளுக்கு நேர் பின்னால் நின்றது வள்ளியம்மா. கேட்பதற்கு முன்பே கையை நீட்டி, புருஷன் கண்ணுக்கு நேராக விரித்தாள்.

வெறுங்கை. விரலிடுக்கில் மட்டும் நாலு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

கோயில் வாசலிலிருந்து மண்டோரின் மகள், குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள்.

தங்கராஜு தோளிலிருந்த மஞ்சள் துணியை எடுத்தார். உதறினார். பானை வாயை மூடினார்.

"ம்... போட்டாச்சு. அடுத்த ஆள் வாங்க."

பள்ளிக்கூடம் எழும்பிற்று. அன்றைக்குத் தன் மனைவி கை நிறையச் சோறு இருந்தது என்றுதான் தங்கராஜு மண்டோர் சாகிறவரைக்கும் எல்லாரிடமும் சொல்லிவந்தார். அவர் ஆயுசில் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதைப் போட்டு உடைத்தது நான் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.